நைட்ரஜன் சுழற்சி கண்டறியப்பட்ட வரலாறு

காற்றிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்கும், மண்ணிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து விலங்குக்கும் சென்று, அவற்றின் கழிவும் உடலும் மக்கும்போது மீண்டும் மண்ணுக்கு வந்து, இறுதியில் காற்றையே அடையும் போக்கு நைட்ரஜன் சுழற்சி எனப்படும். இத்தனிமம் இலங்கைப் பாடநூல்களில் நைதரசன் என்றும், தமிழ்நாட்டு வேளாண் வழக்கில் தழைச்சத்து என்றும் வழங்குகிறது.

பள்ளிப் பாடநூலில் ஒரு வட்டமும் நான்கைந்து அம்புக்குறிகளுமாக அரைப்பக்கத்தில் இந்தச் சுழற்சி அடங்கிவிடும். ஆனால் அந்த அம்புகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காரணங்களுக்காகத் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவை. வெடிமருந்து, சாக்கடை நீர், சர்க்கரைக் கிழங்கு, கோதுமை விளைச்சல் என்று தேடியவர்களின் நோக்கங்கள் வேறுபட்டிருந்தன. அவற்றுள் முதன்மையானதான, காற்றிலிருந்து செடிக்குச் செல்லும் அம்பு, அந்நாளைய மிகக் கவனமான வேளாண் சோதனை ஒன்றினால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று மறுக்கப்பட்டது. அது மீண்டும் ஏற்கப்பட ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று.

உயிரற்ற காற்று

1772-ல் எடின்பரோவில் டேனியல் ரதர்ஃபோர்டு என்ற மருத்துவ மாணவர், மூடிய கலத்திலிருந்த காற்றில் உயிரினத்தைச் சுவாசிக்கவிட்டும் மெழுகுவர்த்தியை எரியவிட்டும் பார்த்தார். பின்னர் அதிலிருந்த கரியமில வாயுவைக் காரத்தில் கரைத்து நீக்கினார். அதன் பிறகும் பெரும்பகுதிக் காற்று எஞ்சியது. அதில் சுடரும் நிற்கவில்லை, உயிரும் நிற்கவில்லை. ஷீலே, கேவண்டிஷ், பிரீஸ்ட்லி ஆகியோரும் அதே காலத்தில் தனித்தனியே இவ்வாயுவை எட்டியிருந்தனர். லவாய்சியர் அதற்கு உயிரற்றது என்ற பொருளில் ‘அசோட்’ என்று பெயரிட்டார். 1790-ல் ஷப்தால் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ‘நைட்ரஜன்’ என்ற பெயரை முன்வைத்தார். வெடியுப்பைப் பிறப்பிப்பது என்பது அதன் பொருள்.

இவ்விரு பெயர்களும் ஒரே பொருளின் இரு முகங்களைக் காட்டுகின்றன. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக மும்மைப் பிணைப்பால் இறுகிக் கிடப்பதால் அது எளிதில் எதனோடும் சேராது. அப்பிணைப்பு ஒருமுறை உடைந்து அமோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ ஆகிவிட்டால், அதே தனிமம் புரதத்துக்கும் வெடிமருந்துக்கும் மூலப்பொருளாகிறது. எந்த உயிரும் அது இல்லாமல் இல்லை. ‘உயிரற்றது’ என்ற பெயரை இட்ட லவாய்சியர், 1775 முதல் பிரான்சின் வெடிமருந்து நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

வெடியுப்பு

தனிமத்தின் பெயர் தெரிவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அதன் ஓட்டத்தில் ஒரு பகுதியை மனிதர்கள் தொழிலாகச் செய்துவந்தனர். வெடிமருந்தில் நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு. எஞ்சியது கரியும் கந்தகமும். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். அது மாட்டுத்தொழுவத்தின் தரையிலும், புறாக்கூண்டின் அடியிலும், பழைய சுவர்களின் ஓரத்திலும் வெண்மையாகப் பூத்தது. இங்கிலாந்தில் அரச உரிமம் பெற்ற வெடியுப்புக்காரர்கள் வீட்டுத் தரையைத் தோண்டும் அதிகாரம் பெற்றிருந்தனர். 1626-ல் முதலாம் சார்லஸ் மன்னர் குடும்பங்கள் தம் சிறுநீரைச் சேமித்து வைக்க வேண்டும் என்று ஆணையே பிறப்பித்தார்.

ஐரோப்பாவின் இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்த்த இடம் பீகார். ஆடுமாடும் மனிதரும் நெருங்கி வாழ்ந்த கிராமங்களின் மண்ணில், மழைக்காலம் முடிந்து நீண்ட வறட்சி வரும்போது, நிலத்தின் ஈரம் மேலேறி ஆவியாகி உப்பைத் தரையில் விட்டுச்செல்லும். நூனியா எனப்படும் சமூகத்தினர் அதைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சி உப்பெடுத்தனர். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பாட்னாவில் அதை வாங்கிக் கப்பலேற்றினர். பிளாசிப் போருக்குப் பின் 1758-ல் பீகார் வெடியுப்பின் தனியுரிமை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதன் பிறகு நடந்த ஐரோப்பியப் போர்களில் இங்கிலாந்துக்கு வெடிமருந்துப் பஞ்சம் பெரிதாக இருக்கவில்லை. பிரான்சுக்கு இருந்தது.

பிரான்சிலும் ஜெர்மன் நாடுகளிலும் வெடியுப்பைச் செயற்கையாக விளைவித்தார்கள். சாணம், சிறுநீர், சாம்பல், சுண்ணாம்பு, இடிந்த சுவரின் மண் ஆகியவற்றைக் கூரையடியில் குவித்து, ஈரம் குறையாமல் அவ்வப்போது கிளறிவிட வேண்டும். ஓரிரு ஆண்டுகளில் குவியலில் உப்பு விளைந்துவிடும். மழை படக்கூடாது, காற்று புக வேண்டும், சுண்ணாம்பு வேண்டும் என்று ஒவ்வொன்றும் அனுபவத்தில் சரியாக அறியப்பட்டிருந்தது. குவியலுக்குள் நடப்பது என்ன என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

செடிக்கு நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது?

1804-ல் ஜெனிவாவின் தியோடோர் த சொசூர், செடிகள் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கின்றன, நைட்ரஜனை எடுப்பதில்லை என்று எழுதினார். செடிக்குள் நைட்ரஜன் இருக்கிறது. காற்றிலிருந்து வராவிட்டால் வேறு எங்கிருந்து வருகிறது என்பதே அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு வேளாண் வேதியியலின் பெருங்கேள்வியாக இருந்தது.

இக்கேள்வியைத் தராசோடு அணுகிய முதல்வர் ழான் பாப்திஸ்த் பூசங்கோ. தென் அமெரிக்காவில் சுரங்கப் பணி பார்த்துத் திரும்பியவர். அல்சாஸ் பகுதியில் தம் மனைவியின் குடும்பத்துக்குரிய பண்ணையில் ஆய்வு செய்தார். வயலுக்குள் செல்லும் எருவில் எவ்வளவு நைட்ரஜன், வயலிலிருந்து வெளிவரும் விளைச்சலில் எவ்வளவு நைட்ரஜன் என்று வரவுசெலவுக் கணக்கு போட்டார். பயிர்ச்சுழற்சியில் குளோவர் என்னும் தீவனப் பயிர் இருந்தால் செலவு வரவை மிஞ்சியது. பின்னர் சுட்டெடுத்த மணலில் குளோவர், பட்டாணி, கோதுமை, ஓட்ஸ் ஆகியவற்றை வளர்த்தார். 1838-ல் அவர் வெளியிட்ட முடிவின்படி முதல் இரண்டும் கொஞ்சம் நைட்ரஜனைக் கூடுதலாகச் சேர்த்திருந்தன. கோதுமையும் ஓட்ஸும் சேர்க்கவில்லை. அது சரியான விடை.

ஆனால் அவருக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. தூசி வழியாகவோ காற்றிலிருந்த அமோனியா வழியாகவோ நைட்ரஜன் நுழைந்திருக்கலாம் அல்லவா? 1850களில் மூடிய கண்ணாடிக் கலங்களுக்குள் அதே சோதனையை மிகுந்த கண்டிப்போடு மீண்டும் செய்தார். இம்முறை எந்தச் செடியும் எதையும் சேர்க்கவில்லை. அதே காலத்தில் பாரிசில் ஜார்ஜ் வீல் என்பவர், செடிகள் காற்றின் நைட்ரஜனை எடுக்கின்றன என்று வாதிட்டார். வழக்கு அறிவியல் அகாதமி வரை போயிற்று.

ஜெர்மனியில் யூஸ்டஸ் ஃபான் லீபிக் வேறொரு பக்கம் நின்றார். 1840-ல் வெளிவந்த அவருடைய வேளாண் வேதியியல் நூல் ஐரோப்பா முழுதும் படிக்கப்பட்டது. மழையோடு இறங்கும் அமோனியாவே பயிருக்குப் போதும். உழவர் கவலைப்பட வேண்டியது கனிமச் சத்துகளைப் பற்றியே என்ற நிலைக்கு அவர் வந்து சேர்ந்தார். மழையில் அமோனியா இருப்பது உண்மைதான். அளவில்தான் அவர் பிழைத்தார். அக்கருத்தை நம்பி இங்கிலாந்தில் விற்கப்பட்ட அவருடைய காப்புரிமை உரம் விளைச்சலைக் கூட்டவில்லை.

ரோத்தாம்ஸ்டெட்டின் கண்ணாடிக் கூண்டுகள்

லண்டனுக்கு வடக்கே ரோத்தாம்ஸ்டெட் என்ற தம் நிலத்தில் ஜான் பெனட் லாஸ், ஜோசஃப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரைத் துணைக்கொண்டு 1843-ல் வயல் சோதனைகளைத் தொடங்கினார். அங்குள்ள பிராட்பாக் வயலில் அன்று தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றுவரை நடந்துவருகிறது. கனிம உரத்தை மட்டும் இட்ட பாத்தியில் கோதுமை தள்ளாடியது. நைட்ரஜன் சேர்த்த பாத்தியில் செழித்தது. லீபிக்கின் கருத்துக்கு வயலே மறுப்பாக நின்றது.

ஆனால் அதே வயல்கள் லாஸையும் கில்பர்ட்டையும் வேறொரு புதிரில் மாட்டிவிட்டன. அவரை, குளோவர் போன்ற பயிர்களுக்கு நைட்ரஜன் உரம் இட்டால் பெரிய பயன் இல்லை. இருந்தும் அவற்றின் அறுவடையில் மற்றப் பயிர்களைவிட மிகுதியான நைட்ரஜன் இருந்தது. 1873-ல் ஒரு வயலின் ஒரு பகுதியில் பார்லியும் மறுபகுதியில் குளோவரும் விளைவித்தனர். பார்லி அறுவடை ஏக்கருக்குச் சுமார் 37 பவுண்டு நைட்ரஜனை எடுத்துச்சென்றது. குளோவர் 151 பவுண்டு. அடுத்த ஆண்டு இரு பகுதியிலும் பார்லி. பார்லிக்குப் பின் வந்த பார்லியில் 39 பவுண்டு. குளோவருக்குப் பின் வந்ததில் 69 பவுண்டு. நான்கு மடங்கு எடுத்துச்சென்ற பயிர், நிலத்தை ஏழையாக்காமல் செல்வமாக்கிவிட்டுப் போயிருந்தது.

இந்தப் புதிருக்கு மிக எளிய விடை, குளோவர் காற்றிலிருந்து எடுக்கிறது என்பதுதான். லாஸும் கில்பர்ட்டும் அதை ஏற்க முடியாமல் நின்றதற்குக் காரணம் அவர்களுடைய சொந்தச் சோதனை. 1857, 1858 ஆண்டுகளில் ஈவன் பியூ என்ற இளம் அமெரிக்கர் அவர்களுடன் சேர்ந்து அந்தக் கேள்விக்கு முற்றுப்புள்ளி வைக்க முனைந்தார். மண்ணைச் சுட்டார்கள்; தொட்டியையும் சுட்டார்கள். செடிகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்தார்கள். உள்ளே போகும் காற்றைக் கந்தக அமிலத்தின் வழியே செலுத்தி அமோனியாவை நீக்கினார்கள். விதையிலிருந்த நைட்ரஜனையும், முடிவில் செடியிலும் மண்ணிலும் இருந்த நைட்ரஜனையும் அளந்தார்கள். கோதுமையோ பார்லியோ பட்டாணியோ அவரையோ காற்றிலிருந்து எதையும் எடுக்கவில்லை. அக்காலத்தில் இதைவிடத் துப்புரவான சோதனை வேறு இல்லை. 1861-ல் அது ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தபோது வழக்கு முடிந்துவிட்டதாகவே பெரும்பாலோர் கருதினர்.

பிழை துப்புரவிலேயே இருந்தது. சுட்டபோது மண்ணிலிருந்த அமோனியாவோடு மண்ணின் உயிர்களும் போய்விட்டன. நைட்ரஜனை எடுப்பது செடியா என்று கேட்டார்கள். செடி தனியாக எடுப்பதில்லை என்பது சரியான விடை. 1838-ல் பூசங்கோவின் தொட்டிகள் காற்றோட்டமாக இருந்ததால் தூசியோடு நுண்ணுயிர்களும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். கவனம் கூடக்கூட விடை மறைந்துபோனது. கூண்டுக்குள் பயறுவகைச் செடிகள் மற்றவற்றைப் போல நன்றாக வளரவில்லை என்பதை ரோத்தாம்ஸ்டெட் ஆய்வாளர்களே குறித்திருந்தனர். அவை பசித்துக் கிடந்தன என்று அன்று அதைப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை. பியூ நாடு திரும்பி, இன்று பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமாக உள்ள கல்லூரியின் முதல் தலைவரானார். 1864-ல், 36 வயதில் இறந்தார். தம் சோதனையின் மறுபக்கத்தை அவர் அறியவே இல்லை.

இருபது நாள் காத்திருந்த சாக்கடை நீர்

மண்ணுக்குள் உயிர்கள் வேதிவினை செய்கின்றன என்ற எண்ணம் உழவிலிருந்து வரவில்லை. பாரிசின் சாக்கடையிலிருந்து வந்தது. நகரக் கழிவுநீரை மண்ணில் பாய்ச்சித் தூய்மையாக்கலாமா என்று ஆராய்ந்த ஷ்லேசிங்கும் முன்ட்சும், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே அந்நீரை மெல்ல ஒழுகவிட்டனர். இருபது நாள்வரை கீழே வந்த நீரில் அமோனியா அப்படியே இருந்தது. அதன் பின் நைட்ரேட் தோன்றியது. விரைவில் அமோனியா முழுவதும் நைட்ரேட்டாகவே வெளிவந்தது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். இருபது நாள் காத்திருப்பது முளைத்துப் பெருகும் ஒன்றின் குணம். குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினர், நைட்ரேட் நின்றது. ஆவியை நீக்கிய பிறகும் அது திரும்பவில்லை. தோட்டமண் கரைத்த நீரைக் கொஞ்சம் ஊற்றிய பின் மீண்டும் தொடங்கியது. 1877-ல் இது வெளியானது. வெடியுப்புக் குவியலுக்குள் நடந்தது என்ன என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது.

ரோத்தாம்ஸ்டெட்டில் ராபர்ட் வாரிங்டன் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, மாற்றம் இரண்டு கட்டமாக நடப்பதைக் கண்டார். அமோனியா முதலில் நைட்ரைட் ஆகிறது, பிறகே நைட்ரேட் ஆகிறது. ஆனால் அந்த உயிரிகளைத் தனியே பிரித்தெடுக்கப் பல ஆண்டுகள் முயன்றும் அவரால் முடியவில்லை. அக்கால வழக்கப்படி ஊன்பசையில் வளர்க்க முயன்றதே காரணம். 1890-ல் சூரிச்சில் செர்கேய் வினோகிராட்ஸ்கி அதைச் சாதித்தார். உணவாக எந்தக் கரிமப் பொருளையும் கொடுக்காமல், வெறும் உப்புகளில் வளர்த்தார். அமோனியாவை எரித்துக் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டே இவை கரியமில வாயுவிலிருந்து உடலைக் கட்டிக்கொள்கின்றன. வெயிலும் வேண்டாம், பிற உயிர்கள் சமைத்த உணவும் வேண்டாம். முதல் கட்டத்தை ஒரு கூட்டமும் இரண்டாம் கட்டத்தை மற்றொரு கூட்டமும் செய்கின்றன என்றும் அவர் காட்டினார்.

திரும்பும் வழியும் இதற்கிடையே தெரிந்துவிட்டது. 1882-ல் பிரான்சில் கேயோனும் துப்பெத்தியும் காற்றுப் புகாத இடத்தில் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜனாக வெளிவிடும் பாக்டீரியாக்களை அறிவித்தனர். செய்த எரு ஏன் ஓரளவு ‘காணாமல் போகிறது’ என்பதற்கு இது ஒரு காரணம். இந்தத் திரும்புவழி இல்லையென்றால் காற்றின் நைட்ரஜன் யுகக்கணக்கில் கடலிலும் மண்ணிலும் போய்த் தேங்கிவிடும்.

பெர்ன்பர்க்கின் பட்டாணிச் செடிகள்

ஜெர்மனியின் பெர்ன்பர்க் நகரில், சர்க்கரைக் கிழங்குத் தொழிலின் ஆதரவில் இயங்கிய ஆய்வுநிலையத்தில் ஹெர்மன் ஹெல்ரீகல் மணல் தொட்டிகளில் பயிர் வளர்த்துவந்தார். பார்லிக்கும் ஓட்ஸுக்கும் நைட்ரேட்டை எவ்வளவு கொடுத்தாரோ அதற்கு ஏற்ற அளவில் விளைச்சல் கிடைத்தது. பட்டாணி அப்படி நடக்கவில்லை. நைட்ரேட்டே இல்லாத, ஒரே மணலில், ஒரே நாளில் விதைத்த தொட்டிகளில் சில செடிகள் வெளிறி மாண்டன. சில செடிகள் கொஞ்ச நாள் வாடிக் கிடந்துவிட்டுத் திடீரெனப் பச்சை பிடித்துக் கொழித்தன. சராசரி எடுத்து எழுதியிருந்தால் இந்த வேறுபாடு மறைந்திருக்கும். ஹெல்ரீகல் அப்படிச் செய்யவில்லை. செழித்த செடிகளைப் பிடுங்கிப் பார்த்தபோது வேரில் முடிச்சுகள் இருந்தன, வாடியவற்றில் இல்லை.

அவரும் துணையாளர் ஹெர்மன் வில்ஃபார்த்தும் மணலை நுண்ணுயிர் நீக்கி, சில தொட்டிகளில் மட்டும் வயல்மண் கரைத்த நீரைச் சிறிதளவு ஊற்றினர். அத்தொட்டிகளில் பட்டாணி செழித்தது. கொதிக்கவைத்த கரைசலை ஊற்றினால் பயனில்லை. லூப்பின் என்ற பயறுவகைச் செடிக்கு எந்த வயல்மண்ணும் உதவவில்லை. லூப்பின் விளைந்த மண்ணின் கரைசலே வேண்டியிருந்தது. 1886 செப்டம்பரில் பெர்லினில் நடந்த இயற்கை அறிவியலாளர் மாநாட்டில் ஹெல்ரீகல் இதை அறிவித்தார். விரிவான நூல் 1888-ல் வந்தது. அதே ஆண்டில் ஹாலந்தின் பைஜெரிங்க் முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தார். இன்று அது ரைசோபியம் எனப்படுகிறது.

முடிச்சுகள் அதற்கு முன்பும் காணப்படாதவை அல்ல. இத்தாலியின் மால்பிகி 1679-லேயே அவற்றை வரைந்து வைத்திருந்தார். ரஷ்யாவின் வொரோனின் 1866-ல் அவற்றுக்குள் பாக்டீரியா போன்ற உருக்களைக் கண்டார். பலரும் அவற்றை நோய் என்றோ பூச்சி வைத்த கட்டி என்றோ நினைத்தனர். லாஸுக்கும் கில்பர்ட்டுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: எழுபது வயதைக் கடந்த அவர்கள் பெர்ன்பர்க் சோதனையைத் தம் ரோத்தாம்ஸ்டெட்டிலேயே திரும்பச் செய்து, அது சரியென்று அச்சில் ஒப்புக்கொண்டனர்.

உளுந்து அல்லது தட்டைப்பயறுச் செடியொன்றைப் பூக்கும் பருவத்தில் மெல்லப் பெயர்த்து, வேர்முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தில் உள்ளதன் உறவான ஒரு சிவப்புப் பொருள் அது. நைட்ரஜனைப் பிணைக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அந்தச் சிவப்புப் பொருள் ஆக்சிஜனை அளந்து விட்டு நொதியைக் காக்கிறது. முடிச்சு உள்ளே வெளுத்திருந்தால் அது வேலை செய்யவில்லை என்று பொருள்.

குறுக்கு வழி

அறிவியல் இதைக் கண்டறிந்துகொண்டிருந்த அதே காலத்தில், வாணிகம் தேங்கிய இருப்பைத் தோண்டிக்கொண்டிருந்தது. முதலில் பெருவின் சிஞ்சா தீவுகளில் மலையாகக் குவிந்திருந்த கடற்பறவை எச்சம். அது தீரத்தீர, அட்டகாமா பாலைவனத்தின் நைட்ரேட். அந்தப் பாலைவனத்துக்காகச் சிலி, பெரு, பொலிவியா மூன்றும் 1879 முதல் போரிட்டன. 1898-ல் பிரிஸ்டலில் பேசிய வில்லியம் குரூக்ஸ், சிலியின் நைட்ரேட் தீர்ந்தால் கோதுமை உண்ணும் நாடுகள் பட்டினியை எதிர்கொள்ளும் என்றும், காற்றின் நைட்ரஜனைப் பிணைப்பது வேதியியலாளரின் கடமை என்றும் எச்சரித்தார்.

1909 ஜூலையில் கார்ல்ஸ்ரூவில் ஃபிரிட்ஸ் ஹாபர், ராபர்ட் லெ ரொசினோல் இருவரும் கட்டிய சிறு கருவியில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் உயர் அழுத்தத்தில் சேர்ந்து அமோனியா சொட்டியது. கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலையாக வளர்த்தார். 1913-ல் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டு போர் வந்தது. கடல்வழி முற்றுகையால் சிலி நைட்ரேட் கிடைக்காமல்போன ஜெர்மனிக்கு, உரத்துக்கென்று பிறந்த அமோனியா வெடிமருந்தாக மாறியது. 1921 செப்டம்பர் 21 அன்று அதே ஓப்பாவில் சேமித்து வைத்திருந்த உரக் குவியல் வெடித்து 500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உரமும் வெடியும் ஒரே பொருள் என்பதைப் பீகாரின் உப்புக் காய்ச்சிகளுக்குப் பின் உலகம் மீண்டும் அறிந்தது.

இன்று உலக மக்களில் ஏறத்தாழ பாதிப்பேரின் உணவு இந்த வழியில் பிணைத்த நைட்ரஜனைச் சார்ந்திருக்கிறது. ஆனால் ஹாபரும் போஷும் திறந்தது உள்ளே வரும் வாசலை மட்டுமே. பயிர் எடுக்காத மிச்சம் வினோகிராட்ஸ்கியின் பாக்டீரியாக்களால் நைட்ரேட்டாகி நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரால் கைக்குழந்தைகள் உடல் நீலம்பாய்ந்ததை 1945-ல் அமெரிக்காவின் அயோவாவில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் விளக்கினார். மற்றொரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக வானேறுகிறது. அது ஓசோன் படலத்தைக் குறைக்கும் வழியை 1970-ல் பால் குருட்சன் காட்டினார்.

நெல் வயலில்

ஐரோப்பாவின் கேள்விகளெல்லாம் கோதுமை வயலில் எழுந்தவை. நீர் தேங்கிய நெல் வயலின் கணக்கு வேறு. எருவே காணாத நிலங்களிலும் தலைமுறை தலைமுறையாக ஓரளவு நெல் விளைவது எப்படி என்ற கேள்விக்கு, வயல் நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகள் நைட்ரஜனைப் பிணைப்பதே காரணம் என்று பி. கே. டே 1939-ல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் எழுதினார்.

நெல் வயலில் இழப்பும் பெரிது. சேற்றின் மேற்பரப்பில் மிக மெல்லிய ஓரடுக்கில் மட்டும் ஆக்சிஜன் இருக்கும்; அதற்குக் கீழே இராது. மேலே தூவிய உரத்தின் அமோனியா அந்த மெல்லிய அடுக்கில் நைட்ரேட்டாகிறது. நைட்ரேட் கீழே இறங்குகிறது. கீழே காற்றில்லாததால் கேயோனும் துப்பெத்தியும் கண்ட வகைப் பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜனாக்கி வெளியே விடுகின்றன. ஒரு சாண் மண்ணுக்குள் சுழற்சியின் இரண்டு அம்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கின்றன. ஜப்பானின் ஷியோய்ரி 1940களின் தொடக்கத்தில் இதை விளக்கி, உரத்தைச் சேற்றுக்குள் ஆழமாக வைக்கச் சொன்னார்.

தமிழ்நாட்டில் யூரியாவோடு வேப்பம்புண்ணாக்கையும் ஜிப்சத்தையும் கலந்து இடும் பரிந்துரையின் வேரும் இதுவே. வேம்பின் பொருள்கள் அமோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களை மந்தப்படுத்துகின்றன. அமோனியா பயிருக்குக் கிடைக்கும் காலம் நீள்கிறது. 2015-ல் இந்திய அரசு உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச்சைக் கட்டாயமாக்கியது.

விடுபட்ட அம்புகள்

வினோகிராட்ஸ்கிக்குப் பின் வட்டம் நிறைவுற்றதாகவே நூறாண்டுகள் பாடநூல்கள் எழுதின. 1977-ல் வியன்னாவின் எங்கல்பர்ட் புரோடா, ஆற்றல் கணக்கின்படி ஆக்சிஜன் இல்லாமலே அமோனியாவை எரித்து வாழும் உயிரி ஒன்று இருக்க வேண்டும், அது இன்னும் காணப்படவில்லை என்று எழுதினார். 1990களில் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில், ஈஸ்ட் தொழிற்சாலையின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் காற்றற்ற தொட்டியில் அமோனியா கணக்கில் குறைந்துகொண்டே வந்தது, நைட்ரஜன் வெளியேறியது. புரோடா சொன்ன உயிரி அங்கே வாழ்ந்துகொண்டிருந்தது. கடலிலிருந்து காற்றுக்குத் திரும்பும் நைட்ரஜனில் கணிசமான பங்கு இவ்வகைப் பாக்டீரியாக்களின் வேலை என்று பின்னர் தெரிந்தது.

வாரிங்டன் கண்ட இரு கட்டங்களும் இரு வெவ்வேறு கூட்டங்களின் வேலை என்பது 125 ஆண்டுகள் நிலைத்தது. 2015 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில், அமோனியாவைத் தொடக்கம் முதல் முடிவுவரை தனியொருவனாக நைட்ரேட்டாக்கும் நைட்ரோஸ்பைரா பாக்டீரியாவை அறிவித்தன. ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம், ரஷ்யாவில் எண்ணெய் தேடித் தோண்டிய ஆழ்கிணற்றின் வெந்நீர் ஓடும் குழாய்ச் சுவர். மற்றொரு குழுவுக்குக் கிடைத்தது மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியில்.